ஓட்டுக்கு அடியில் நீலத் தார்ப்பாய்

அப்பாவின் வீடு ஒழுகுவது நின்றுபோனதற்காக வருத்தப்பட்ட மகள் இந்த ஜவ்வாது மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூட்டு சேர்ந்துகொள்ளலாம்.

அவர் வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. நேர் எதிரே என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் இல்லை. நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓடை, ஓடையைத் தாண்டினால் ஏற்றம், ஏற்றத்தில் புளியமரங்கள், அதற்கும் மேலே சாமை விதைக்கிற சரிவு, அந்தச் சரிவின் தலைமாட்டில் அப்பாவின் ஓட்டு வீடு. என் வாசலில் நின்றால் கூரை முழுதும் தெரியும். கையை நீட்டி ஒரு ஓட்டை எடுத்துவிடலாம் போலத்தான் இருக்கும். போய்ச் சேருவதற்குள் நுரை தள்ளிவிடும். பைக்கில் போகலாமென்றால் ரோடு காவலூர்ப் பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கு ஓடையில் இறங்கி ஏறுவதே மேல்.

அப்பாவிடம் போன் இருக்கிறது. பெங்களூரில் வேலை செய்கிற தம்பி வாங்கிக் கொடுத்தது. சார்ஜ் வீணாகிவிடும் என்று அதை அணைத்து, துணியில் சுற்றி, கேழ்வரகு டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் நடந்து போய்ப் பேசுவார். மற்றவர்களுக்கு அவரிடம் பேச வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. எவ்வளவோ திட்டிப் பார்த்துவிட்டேன். கேழ்வரகு டின்னிடம் பேசியது போலத்தான்.

ஆகவே அவரைப் பற்றி எனக்குக் காலையில் கிடைத்த ஒரே சேதி அந்தக் கூரையின் புகை. ஓட்டு வீடுகளுக்கு இங்கே புகைபோக்கி வைக்கிற வழக்கம் கிடையாது. கைமரம், அதன் மேல் ரீப்பர் சட்டம், அதன் மேல் சீமை ஓடு, அவ்வளவுதான். அடுப்பு மூட்டினால் புகை மேலே போய் ஓடுகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் புகுந்து வெளியே வரும். பனிக்காலத்தில் பார்த்தால் இட்லிப் பானையைத் திறந்தது மாதிரி கூரை முழுக்க ஆவி பறக்கும். வெள்ளையாகத் தடித்து வந்தால் விறகு ஈரம். மெல்லிசாக நீலம் ஓடினால் நன்றாகக் காய்ந்த புளியங்கட்டை. பொழுது ஏறியும் நிற்காமல் வந்தால் குளிக்க வெந்நீர் போடுகிறார், அதாவது எங்கேயோ வெளியூர் கிளம்புகிறார். நடுப்பகலில் இரண்டாம் முறை வந்தால் யாரோ விருந்தாளி. நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதற்கு முன்னாலேயே நான் இந்தக் கூரையைப் படிக்கக் கற்றுக்கொண்டவள்.

அம்மா இருந்தவரைக்கும் அது அம்மாவின் புகை. என்னைக் கட்டிக் கொடுத்து இந்தச் சரிவுக்கு அனுப்பிய நாளிலிருந்து காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அம்மா போன அன்று காலை கூரை வெறுமனே இருந்தது. வெயில் ஓட்டின் மேல் இறங்கும் வரைக்கும் நின்று பார்த்தேன். ஆள் வந்து சொல்வதற்கு முன்னாலேயே நான் ஓடையில் இறங்கிவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு காலையில் அந்தக் கூரையிலிருந்து கொஞ்சமாகப் புகை வந்தது. அடுப்பங்கரைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனிதர், தானாக அடுப்பு மூட்டியிருக்கிறார். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஈர விறகை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறாரே என்று எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. அன்றிலிருந்து அது அப்பாவின் புகை.

இப்போது தார்ப்பாய்க்கு வருகிறேன். ஓடு பழசு. குரங்குகள் வேறு அதன் மேல் ஓடிப்பிடித்து விளையாடி ஓடுகளை நகர்த்திவிடும். ஐப்பசி மழையில் அப்பா கட்டிலை அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக இழுத்துக்கொண்டு திரிவார். வீட்டில் இருக்கிற பாத்திரமெல்லாம் தரையில் நிற்கும். என் வீட்டுக்கு வா என்றால், உன் தொகுப்பு வீட்டுக் கான்கிரீட் தளத்துக்கு அடியில் படுத்தால் எனக்கு மூச்சு முட்டும் என்பார். இதையெல்லாம் நான் தம்பியிடம் போனில் ஒப்பாரி வைக்க, அவன் அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே ஒரு பெரிய நீலத் தார்ப்பாய்ச் சுருளைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

தம்பி வேலை செய்வது வீடு கட்டித் தருகிற ஒரு கம்பெனியில். அங்கே பெரிய பெரிய வீடுகளுக்கெல்லாம் அழகுக்காக ஓடு போடுகிறார்களாம். ஓட்டுக்கு அடியில் ஒரு ஷீட் போடாமல் எந்த வீட்டையும் மூடுவதில்லையாம். அவன் வாயில் அதற்குப் பெயர் அண்டர்லே. ஓடு தடுப்பது மழையின் அடியைத்தான், ஓட்டைத் தாண்டி வருகிற தண்ணீரைப் பிடித்து, கூரையின் கீழ்விளிம்பான இறவாணம் வரைக்கும் கொண்டுபோய் விடுவது இந்த ஷீட்தான் என்று அவன் விளக்கியபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. என் கணவர் மட்டும், ஓட்டுக்கு உள்பாவாடை கட்ட மச்சான் வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம். ஓடுகளை இறக்கிக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினோம். பல வருஷத்துக் கரி கைகளிலும் முகத்திலும் அப்பி, யார் யாரென்றே தெரியவில்லை. தம்பி இறவாணத்தில் தொடங்கி மேலே போனான். கீழ்த் துண்டை முதலில் விரித்து, மேல்துண்டின் ஓரம் அதன் மேல் ஒரு முழம் ஏறி நிற்கும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் இடுக்கில் புகுந்து நேராகக் கட்டிலுக்கு வரும் என்றான். முகட்டில் அவன் ஷீட்டை வெட்டவே இல்லை. ஒரே வீச்சாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்தி, இழுத்துப் பிடித்து, சட்டம் வைத்து ஆணி அடித்தான். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, புகை எப்படிப் போகும் என்று கேட்டார். கேஸ் இருக்கிறதே என்றான் தம்பி. கேஸ் இருக்கத்தான் இருந்தது. சிலிண்டர் மூலையில் நின்றது, அதன் மேல் அப்பாவின் போர்வை மடித்து வைத்திருந்தது. அவன் கட்டுகிற வீடுகளில் யாரும் விறகு எரிப்பதில்லை, அவனுக்கு அந்த யோசனை வராததில் ஆச்சரியம் இல்லை. அப்பா கேட்ட பிறகும் எங்களுக்கும் உறைக்கவில்லை.

மறுநாளே நல்ல மழை. நானும் அங்கேதான் இருந்தேன். பழக்கதோஷத்தில் அப்பா வழக்கமான இடங்களில் எல்லாம் பாத்திரம் வைத்துவிட்டார். மழை விட்ட பிறகு அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அப்பாவிடமிருந்து அதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை. தம்பி அந்தச் சந்தோஷத்தோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தான், நான் என் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தால் கூரை வெறுமனே இருக்கிறது.

என்ன காரணம் என்று மூளைக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி, புளியமரங்களுக்குள் ஏறி, மூச்சு இரைக்க வாசலில் போய் நின்றால், அப்பா வெளியே பாறையில் உட்கார்ந்து பாலில்லாத வரட்டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் புகை இடுப்பளவுக்கு இறங்கி நிற்கிறது. போக வழியில்லாத புகை கதவு வழியாகத் தரையோடு தரையாகக் கசிந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலாமரத்துப் பக்கம் போய்க் கரைகிறது. என் பக்கத்திலிருந்து அது தெரிய வாய்ப்பே இல்லை. ஏன் இவ்வளவு காலையில் என்று கேட்டார். ஒரு பூசணிக்காய் வேண்டும் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்கு அடுத்த நாளும் கூரை வெறுமை. அன்றைக்குக் கறிவேப்பிலை. இன்னொரு நாள் கொடுவாள். என்னால் தினமும் போக முடியாது, வேலை இருக்கிறது. போகாத நாளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன், யாராவது சேதி கொண்டு வருகிறார்களா என்று. ஒவ்வொரு காலையும் அம்மா போன காலையைப் போலவே இருந்தது. அதே கூரை, அதே வெயில், அதே வெறுமை. தினம் தினம் எழுந்து அதைப் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? நீ உயிரோடு இருக்கிறாயா என்று நான் தினமும் காலையில் பார்க்கிறேன் என்றா? எங்கள் ஊரில் காலையில் அப்படி ஒரு வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். தம்பியிடம் சொல்லலாம் என்றால், அப்பா நனையாமல் தூங்குகிறார், அது உனக்குப் பொறுக்கவில்லையா என்பான். ஆகவே பூசணிக்காய். என் கணவர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் சொன்னார்: "மாமனார் வூட்டையே கழட்டி எடுத்துன்னு வந்துடு. நடக்கற வேலயாவது மிச்சம்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அப்பா என்னிடம் பேசியது அதற்கு முன்னால் அவர் என் ஆயுசு முழுக்கப் பேசியதைவிட அதிகம். வீட்டுக்குள் உட்கார முடியாது, கண் எரியும். அதனால் இருவரும் வெளியே பாறையில், இளவெயிலில் உட்காருவோம். அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது அவர்கள் வீட்டு நாய் கடித்துவிட, கடி வாங்கியவனுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவானதைச் சொன்னார். நான் பிறந்தபோது கீழே கணியம்பாடி வரைக்கும் இறங்கிப் போய் எனக்கு வாங்கி வந்த சட்டை எனக்குப் பெரிதாக இருந்து, அதை நான் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் போட்டதைச் சொன்னார். நான் அதுவரை அவரைக் கேட்டதே இல்லை. அவருக்குச் சொல்லத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பாறையை விட்டு எழுந்திருக்க மனசே வராது. ஒன்பது மணிக்கு அங்கன்வாடி திறக்க வேண்டுமே என்று ஓடுவேன்.

மார்கழியில் வீடு வேர்க்கத் தொடங்கியது. புகையும் ஆவியும் மேலே போய்க் குளிர்ந்த தார்ப்பாயில் முட்டி, கரியோடு சேர்ந்து கறுப்புச் சொட்டாகக் கீழே விழுந்தன. அப்பாவின் வெள்ளைத் துண்டு முழுக்கப் புள்ளி. ராத்திரி இருமுகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேஸில் சமைக்கச் சொன்னால், அந்த டீயில் ருசியே இல்லை என்பார். சரி, முகட்டில் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று நானே ஒருமுறை கேட்டேன். பையன் ஆசையாகப் போட்டது, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பொங்கல் நெருங்கியபோது ஒரு காலையில் ஓடைப் பாறையில் பாசி வழுக்கி விழுந்தேன். முட்டியில் நல்ல அடி, மணிக்கட்டில் சுளுக்கு. அப்படியே நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து, மாடு இழுத்துவிட்டது என்று சொன்னேன். புடவை முழுக்க ஈரம். அப்பா ஈரத்தைப் பார்த்தார். எண்ணெய் காய்ச்சி மணிக்கட்டில் தேய்த்துவிட்டார். நான் திரும்பிப் போகும்போது சரிவின் விளிம்பு வரைக்கும் வந்து, நான் இந்தப் பக்கம் ஏறும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அந்தக் கூரையில் புகை.

கசிகிற புகை இல்லை. ஒரே இடத்திலிருந்து, கறுப்பாக, கம்பம் நட்டது மாதிரி. ஒரு கணம் சந்தோஷம்தான். அடுத்த கணமே வீடு பற்றிக்கொண்டது, அந்தத் தார்ப்பாய்தான் எரிகிறது என்று நினைத்து, வலிக்கிற காலோடு ஓடினேன். எப்படி ஓடையைத் தாண்டினேன் என்று எனக்கு நினைவே இல்லை. மேலே போனால், வாசலில் சில ஓடுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. உள்ளே அப்பா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு ஓட்டை. கொடுவாளால் தார்ப்பாயை அறுத்திருக்கிறார், கோணல்மாணலாக. அதன் வழியாக வெயில் நேராக அவர் முதுகில் விழுகிறது.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இன்னாப்பா வேல இது? அவன் அவ்ளோ தூரத்துல இருந்து தூக்கினு வந்து போட்டுட்டுப் போயிருக்கான்."

"பொக போவ வேணாமா?"

"இத்தினி மாசமா இருமினு கெடந்தியே, அப்பவே அறுக்கறதுக்கு இன்னா?"

"அறுத்திருக்கலாம்." விறகை உள்ளே தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அறுத்தா நீ வர மாட்ட."

அவரே தொடர்ந்தார்.

"உங்கம்மா போன அன்னிக்கு யாரும் சொல்றதுக்கு முன்னாடி வந்து நின்னவ நீ. எதப் பாத்துட்டு வந்தேன்னு எனக்குத் தெரியாதா? பூசணிக்காய்க்கு எவளாவது ஓடையில எறங்கி வருவாளா?"

"அப்புறம் இப்ப மட்டும் எதுக்கு அறுத்த?"

என் முட்டியைப் பார்த்தார்.

"கால ஒடச்சிக்கினு படுத்தா யாரு பாக்கறது? இனிமே அங்க இருந்தே பாத்துக்கம்மா. வராத."

அதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், மாட்டுக்குத் தண்ணி காட்டு என்பது மாதிரி. அந்த இருமல் முழுவதும், அந்தக் கறுப்புச் சொட்டு முழுவதும், வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வழியாகத் திரும்பி நடந்து வந்தேன். அன்று எந்தக் காயும் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பொங்கலுக்கு வந்த தம்பி ஓட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஏறி, அறுத்த ஓரங்களை மேல்நோக்கி மடித்து, அதைச் சுற்றித் தண்ணீர் விலகி ஓடும்படி சட்டம் வைத்து, மேலே சற்றுத் தூக்கலாக ஒரு தகரத் தொப்பி போட்டுவிட்டுப் போனான். இப்போது மழையும் உள்ளே வராது, புகையும் உள்ளே நிற்காது. கூரைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. தினமும் காலையில் தகரத் தொப்பிக்கு அடியிலிருந்து புகை வருகிறது. முன்பைவிட நன்றாகவே தெரிகிறது.

நானும் தினமும் வாசலில் நின்று பார்க்கிறேன். பார்த்தவுடன் நெஞ்சு ஆறுகிறது, உடனே இன்னொரு பாரம் வந்து உட்காருகிறது. நன்றாக இருக்கிறார், ஆகவே போக வேண்டியதில்லை. முட்டி சரியாகிவிட்டது, ஓடையில் தண்ணீரும் இறங்கிவிட்டது. இருந்தாலும் வராதே என்று சொன்ன மனிதரிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது? அந்தப் பனிக்கால மாதங்களை நினைத்து எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கண் எரிய, மூச்சு வாங்க, பயந்துகொண்டே ஓடிய அந்தக் காலைகளுக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? புகை வராமல் இருக்கட்டும் என்று நினைக்கக் கூடாது. நினைத்ததும் இல்லை. ஆனால் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே, அப்பா, அப்பா என்று வாய்க்குள் கூப்பிட்டிருக்கிறேன், கட்டிக் கொடுத்து இத்தனை வருஷம் ஆனவள்.

மாசியில் ஒரு காலை, மெல்லிசாக நீலப்புகை. காய்ந்த புளியங்கட்டை. எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தேன், கணவரிடம் போய்விட்டு வருகிறேன் என்றேன், ஓடையில் இறங்கினேன். ஓடவில்லை, நிதானமாகத்தான் நடந்தேன்.

அப்பா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிக் கூரையைப் பார்த்தார். முகத்தில் கலவரம்.

"பொக தெரியலியா?"

"தெரிஞ்சுதுப்பா. அதான் வந்தேன்."

வீட்டுக்குள் துளிப் புகை இல்லை, தாராளமாக உள்ளேயே உட்காரலாம். அப்பா உள்ளே போய் வரட்டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வெளியே பாறைக்கு வந்தார்.